அட்ஜங்க்ட்: பீரின் துணைத் தானியம்

பீர் தயாரிப்புக் குறிப்பு எதைப் புரட்டினாலும் 'அட்ஜங்க்ட்' என்ற சொல் கண்ணில் படும். மால்ட், அதாவது முளைக்கட்டி உலர்த்திய தானியம், பீரின் அடிப்படை. அதைத் தவிர மாவுச்சத்துக்காகவோ சர்க்கரைக்காகவோ சேர்ப்பதெல்லாம் அட்ஜங்க்ட். அரிசி, மக்காச்சோளம், ஓட்ஸ், முளைக்கட்டாத கோதுமை எல்லாம் இதில் அடக்கம். பார்லியே ஆனாலும் முளைக்கட்டவில்லை என்றால் அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

சொல்லின் வேர் லத்தீன். 'அட்' என்றால் உடன். 'யுங்கெரே' என்றால் பூட்டுதல், இணைத்தல். இரண்டும் சேர்ந்து 'உடன் பூட்டப்பட்டது' என்று பொருள் தரும். மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தடிக்கு லத்தீனில் 'யுகும்' என்று பெயர். அதுவும் இதே வேரில் முளைத்த சொல். வடமொழியின் 'யோகம்', 'யுகம்' ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இந்தப் பழைய பொருள் பீருக்கு அச்சாகப் பொருந்துகிறது. தானியம் முளைக்கும்போது அதற்குள் அமைலேஸ் என்ற நொதிகள் பெருகுகின்றன. மால்ட்டை அரைத்து 62 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், இந்த நொதிகள்தான் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஈஸ்ட் தின்பது அந்தச் சர்க்கரையைத்தான். முளைக்கட்டாத தானியத்தில் மாவுச்சத்து நிறைய உண்டு, அதை உடைக்கப் போதிய நொதி கிடையாது. அரிசியை மட்டும் வேகவைத்து ஈஸ்ட் போட்டால் பீர் கிடைக்காது. பக்கத்தில் மால்ட் இருந்து தன் நொதியால் அதையும் சேர்த்து உடைத்துத் தர வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கலப்படம்', 'மலிவு நிரப்பி' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த இளக்காரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் 1516ஆம் ஆண்டு ஆணை பீருக்குப் பார்லி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. அந்த மரபின் கண்ணில் மற்றத் தானியமெல்லாம் குறையாகத் தெரிந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அரிசியும் மக்காச்சோளமும் பீருக்குள் வந்ததற்குக் காரணம் காசு மட்டும் அல்ல. அங்கே விளைந்த, கதிரில் ஆறு வரிசையாக மணி பிடிக்கும் பார்லியில் புரதம் அதிகம். அதை மட்டும் வைத்துச் செய்த பீர் கலங்கலாக நின்றது. புரதம் குறைந்த தானியத்தைக் கூட்டியதும் தெளிந்தது. பிரிட்டனில் 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீர் மீது வரி போட்டார். அதன்பின் தயாரிப்பாளர்கள் விரும்பிய தானியத்தைச் சேர்க்க வழி பிறந்தது. பெல்ஜியத்தின் லாம்பிக் பீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முளைக்கட்டாத கோதுமை. அயர்லாந்தின் கறுப்பு பீரான ஸ்டௌட்டின் காப்பி வாசமும் கசப்பும் முளைக்கட்டாத பார்லியைக் கருக வறுப்பதால் வருபவை. இவற்றைக் கலப்படம் என்று யார் சொல்வார்கள்?

'சேர்மானம்' பரவாயில்லை. ஆனால் வாசனைக்குப் போடும் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும்கூடச் சேர்மானம்தான், வரையறை நழுவிவிடுகிறது. எனக்குச் சரியாகப்படுவது 'துணைத் தானியம்'. இலக்கணத்தில் துணைவினை என்கிறோமே, முதல்வினை இல்லாமல் அதற்கு வேலை இல்லை. இருந்தால் பொருளுக்கு நயம் சேர்க்கும். மால்ட்டுக்கும் அரிசிக்கும் உள்ள உறவும் அதேதான். சர்க்கரை, சர்க்கரைப் பாகு போன்றவற்றைக் குறிக்க 'துணைச் சர்க்கரை' என்று பிரித்துக்கொள்ளலாம்.

துணைத் தானியம் எந்த வடிவத்தில் வருகிறது என்பதற்கும் நம்மிடம் கச்சிதமான சொற்கள் இருக்கின்றன. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்கியது அவல்: ஓட்ஸ் அவல், பார்லி அவல், மக்காச்சோள அவல். சூட்டில் உப்ப வைத்தது பொரி. உடைத்த பச்சைத் தானியம் குருணை. இந்த வேறுபாடு வேலையையே மாற்றிவிடும். மாவுச்சத்து முதலில் வெந்து குழைந்தால்தான் நொதியால் அதை உடைக்க முடியும். அவலும் பொரியும் ஏற்கெனவே வெந்தவை, நேராக மால்ட்டோடு வெந்நீரில் போடலாம். கோதுமையும் பார்லியும் ஊறவைக்கும் சூட்டிலேயே ஓரளவு குழையும் என்பதால் பச்சையாக நைஸாக அரைத்தும் போடலாம். அரிசிக் குருணையும் மக்காச்சோளக் குருணையும் அப்படி இல்லை. அரிசிக்குப் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேல் வேண்டும்.

அதற்குத் தனி அடுப்பு வேலை உண்டு. குருணையோடு அதன் எடையில் பத்து, இருபது விழுக்காடு மால்ட்டைக் கலந்து, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி 70 டிகிரியில் சில நிமிடம் வைக்கிறோம். அப்புறம் மெதுவாகக் கொதிக்கவிட்டு அடிபிடிக்காமல் கிளறுகிறோம். மால்ட் போடாவிட்டால் கெட்டிக் களியாகிக் கரண்டியே நகராது. போட்டால், கொதி வருவதற்குள் நொதி ஒரு பங்கை உடைத்துவிடும்; கையில் இழுத்த பாரம் சட்டென்று விட்டு, கஞ்சி தளர்ந்து ஓடும். கால் மணியிலிருந்து அரை மணி கொதித்ததும் அதை, மீதி மால்ட் வெந்நீரில் ஊறும் முதன்மை ஊறலில் ஊற்ற வேண்டும். கொதியில் அந்த மால்ட்டின் நொதி அழிந்திருக்கும். மீதி வேலையை முதன்மை ஊறலில் உள்ள நொதி முடிக்கும். ஊறலில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் வைத்துப் பாருங்கள். நீலக்கறுப்பாக மாறினால் மாவுச்சத்து இன்னும் மிச்சம்.

எவ்வளவு துணை தாங்கும் என்பதை மால்ட்டின் நொதித் திறன்தான் தீர்மானிக்கும். அதை லின்ட்னர் என்ற அலகில் சொல்வார்கள். மொத்தக் கலவைக்கும் சராசரி 35 முதல் 40 இருந்தால் நல்லது. 140 லின்ட்னர் உள்ள வெளிர் மால்ட் மூன்றரை கிலோ, மக்காச்சோளம் ஒன்றரை கிலோ என்றால், மக்காச்சோளத்துக்குப் பூஜ்யம் என்று வைத்தாலும் சராசரி 98, தாராளம். அதே அளவில் 40 லின்ட்னர் உள்ள கருமையான மால்ட்டை எடுத்தால் 28தான் வரும். மணிக்கணக்கில் ஊறினாலும் அயோடின் கறுக்கும். நொதி குறைந்த மால்ட்டோடு துணையைக் கூட்டுவதைவிடப் பாதி வெளிர் மால்ட்டாக மாற்றிக்கொள்வது மேல்.

சுவை தானியத்தைப் பொறுத்தது. அரிசியும் மக்காச்சோளமும் நிறத்தையும் கனத்தையும் குறைக்கும். கோதுமை நுரையைத் தாங்கும், மங்கலையும் தரும். ஓட்ஸ் நாக்கில் வழவழப்பாக நிற்கும். ஓட்ஸிலும் முளைக்கட்டாத பார்லியிலும் பீட்டா குளூக்கன் என்ற பசைப்பொருள் உடையாமல் இருப்பதால் வடிகட்டும்போது ஊறல் இறுகி அடைத்துக்கொள்ளும். அப்போது கழுவிய நெல் உமியை இரண்டு கைப்பிடி கலந்தால் நீர் இறங்க வழி கிடைக்கும். உமியால் சர்க்கரையும் ஏறாது, சுவையும் மாறாது. அதனால் அதைத் துணைத் தானியத்தில் சேர்ப்பதில்லை.