பித்தளை வளையம் காப்பாற்றிய போர் விமானம்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் கடை ஒன்று உண்டு. போன வாரம் மாங்காய்க் கூடையோடு ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், பெட்ரோல் ஒழுகியபடி அங்கே வந்து நின்றது. அண்ணன் கார்ப்ரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தைத் திறந்து காட்டினார்.

"இது ஃப்ளோட்டு சார். பெட்ரோல் ஏறுனா இதுவும் ஏறி, இந்தப் பின்னு போய் ஓட்டைய அடைச்சுக்கும். இறங்குனா திறந்துவிடும். பின்னுல தூசி மாட்டிக்கிச்சு, அதான் ஓவர்ஃப்ளோ."

மாடித் தொட்டியில் தண்ணீரை நிறுத்தும் பந்தும் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகளை நடுவானில் கைவிட்டதும் இதே மிதவைதான்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே டக்ஸ்ஃபோர்ட் விமானத்தளம் இருக்கிறது. 1938 ஆகஸ்டில் முதல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வந்து சேர்ந்தது அங்கிருந்த 19ஆம் படைப்பிரிவுக்கு. அதன் மெர்லின் எஞ்சினுக்கு 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு, சுமார் 1,000 குதிரைத் திறன். இத்தனை பெரிய எஞ்சினுக்கும் பெட்ரோல் போனது மிதவை வைத்த கார்ப்ரேட்டர் வழியாகத்தான். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. கார்ப்ரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் கூடுதல் சக்தி கிடைக்கும்.

1940இல் எதிரே வந்த ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்திலோ, மிதவை இல்லாமல் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். துரத்தப்பட்டால் அதன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்திப் பாய்ந்து தப்பிவிடுவார். ஸ்பிட்ஃபயர் அதேபோல் பாய்ந்தால் எஞ்சின் இருமி அடங்கிவிடும்.

பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வேகத்தடையில் உடம்பு மேலே எழும்புமே, அதைவிடப் பலமாக அந்தக் கணத்தில் விமானத்துக்குள் எல்லாம் கூரையை நோக்கிப் போகும். கிண்ணத்திலுள்ள பெட்ரோலும் மேலே ஒட்டிக்கொள்ள, கீழே பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட் காய்ந்து எஞ்சின் திணறும். அடுத்து வருவதுதான் பெரிய ஆபத்து. பெட்ரோல் மேலே போனதால் மிதவை கீழே தள்ளப்படும், கிண்ணம் காலி என்று ஊசி (அண்ணன் காட்டிய அதே பின்) முழுக்கத் திறந்துவிடும். பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலைத் தள்ள, எஞ்சின் அதிலேயே மூழ்கி, கரும்புகை கக்கி நிற்கும். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் முதலில் பாதிப் புரளலில் விமானத்தைக் கவிழ்த்து, அதன் பிறகே கீழே இழுத்தார்கள்; அப்படிச் செய்தால் பெட்ரோல் கிண்ணத்தின் அடியிலேயே இருக்கும். அந்த இடைவெளியில் எதிரி தூரம் போயிருப்பான்.

தீர்வு கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங். மிதவையை அவர் தொடவே இல்லை. பெட்ரோல் வரும் குழாயில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்தார். எஞ்சின் முழு சக்தியில் ஓட எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ அவ்வளவுதான் அந்தத் துளை வழியே போகும். ஊசி எவ்வளவு திறந்தாலும் வெள்ளம் வராது! விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே இதைப் பொருத்திவிடலாம். 1941இல் சிறு குழுவோடு தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார். பின்னால் அது தட்டையான வாஷராகவே ஆனது. தொடர்ந்து தலைகீழாகப் பறக்க மட்டும் அது போதவில்லை. மிதவையே இல்லாத கார்ப்ரேட்டர் 1943 வாக்கில்தான் வந்தது.

டக்ஸ்ஃபோர்ட் இன்று அருங்காட்சியகம். ஸ்பிட்ஃபயர்கள் அங்கே இன்னமும் பறக்கின்றன.

பின்னை ஊதிச் சுத்தம் செய்தபடி கதையைக் கேட்ட அண்ணன், "அந்தம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா சார்?" என்றார்.

தெரியும். 1934இல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தை நார்ட்டன் மோட்டார்சைக்கிளில் மணிக்கு சுமார் 170 கி.மீ. வேகத்தில் சுற்றி வந்தவர் அவர்.