பணம் கட்டி ஆடும் ஆப்: கடை எதைத் தடுக்கிறது, சட்டம் எதைத் தடுக்கிறது

ஒரு ரம்மி ஆப்போ பந்தய ஆப்போ ப்ளே ஸ்டோரில் தேடினால் கிடைக்கவில்லை. அவர்களுடைய இணையதளத்தில் மட்டும் ‘ஏபிகே டவுன்லோட்’ (ஏபிகே என்பது கடை வழியாக இல்லாமல் நேரடியாக நிறுவும் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு) என்று பச்சைப் பொத்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலும் கடைக்காரர், அதாவது ப்ளே ஸ்டோரை நடத்தும் கூகுள், அதை உள்ளே விடவில்லை என்று பொருள். ‘எங்கள் ஆப் பெரியது, அதனால் நேரடியாகத் தருகிறோம்’, ‘கமிஷனை மிச்சப்படுத்தி உங்களுக்கு போனஸ் தருகிறோம்’ என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு.

முதலில் கூகுள். உண்மைப் பணம் புழங்கும் சூதாட்ட ஆப்களைக் குறிப்பிட்ட சில நாடுகளில் மட்டுமே ப்ளே ஸ்டோர் அனுமதிக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், பிரேசில் என்று தொடங்கிய பட்டியல் 2021-இல் அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா உட்பட மேலும் 15 நாடுகளுக்கு விரிந்தது. இந்தியா அதில் இல்லை. அனுமதி உள்ள நாட்டிலும் நிபந்தனைகள் கறாரானவை. நிறுவனம் தனியாக விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஆப் வெளியாகும் ஒவ்வொரு நாட்டிலும் செல்லுபடியாகும் உரிமம் வேண்டும். வயது குறைந்தவர்களை உள்ளே விடாத ஏற்பாடு வேண்டும். டவுன்லோட் இலவசமாக இருக்க வேண்டும். கூகுளின் சொந்தப் பில்லிங் வழியாகப் பணம் வாங்கக் கூடாது. வயது வந்தோருக்கு மட்டும் என்ற தரக்குறியீடு இருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு ஒரு சின்ன விதிவிலக்கு நடந்தது. 2022 செப்டம்பர் 28 முதல் ஓராண்டுக்கு, ஃபேன்டஸி விளையாட்டு (உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து ஆடுவது), ரம்மி ஆகிய இரண்டு வகைகளை மட்டும் கூகுள் சோதனை முறையில் அனுமதித்தது. ஓராண்டு முடிந்த பிறகும் உள்ளே இருந்த ஆப்களுக்கு அவகாசம் நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூன் 30 முதல் இன்னும் பல வகைகளுக்குக் கதவைத் திறப்பதாக அறிவித்து, அந்தத் தேதி வருமுன்னரே அதை நிறுத்தி வைத்தார்கள். ‘ப்ளே ஸ்டோரிலேயே இருந்ததே, அப்போது சட்டப்படி சரிதானே’ என்று இன்றும் கேட்பவர்கள் நினைவில் வைத்திருப்பது இந்தச் சோதனைக் காலத்தைத்தான். கடையில் இடம் கிடைப்பது வேறு, சட்டம் ஒப்புவது வேறு.

விளையாட்டையே நடத்தாமல், பந்தயத் தளத்துக்கு வழிகாட்டும் ஆப்களையும் கூகுள் விடுவதில்லை. 2020 செப்டம்பர் 18 அன்று பேடிஎம் ஆப் சில மணி நேரம் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போனதை நினைத்துப் பாருங்கள். சூதாட்ட விதியை மீறுவதாகக் கூகுள் சொன்ன கிரிக்கெட் ஸ்டிக்கர், கேஷ்பேக் திட்டம் ஒன்றை அவர்கள் விலக்கிக்கொண்ட பிறகே ஆப் திரும்பியது.

ஆப்பிளின் வழி கொஞ்சம் வேறு. அவர்களுடைய விதி 5.3.4 நாட்டுப் பட்டியல் எதையும் போடுவதில்லை. ஆப் பயன்படும் இடத்தில் உரிமமும் அனுமதியும் இருக்க வேண்டும், அந்த இடங்களுக்கு வெளியே இயங்காதபடி எல்லை கட்ட வேண்டும், ஆப் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது. விதி 5.3.3-இன்படி ஆப்பிளின் இன்-ஆப் பர்ச்சேஸ் வழியாகச் சூதாட்டத்துக்கான காசை வாங்க முடியாது. ஐபோனில் ஓர் ஆட்டம் ஆப் ஸ்டோர் பில்லிங் வழியாகவே ‘காயின்’ விற்று, பிறகு அந்தக் காயினை ரூபாயாக எடுக்கலாம் என்றும் சொன்னால் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். காயின் வாங்கலாம், ஆனால் பணமாகத் திரும்ப எடுக்க முடியாது என்றால் அது பொழுதுபோக்கு ஆட்டம். பர்ஸுக்குக் கேடுதான், ஆனால் இந்த விதிக்குள் வராது.

இனி சட்டம். ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025, அந்த ஆண்டு ஆகஸ்ட் 20-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் மையம் ஒரே ஒரு வரையறை. பணமோ பணத்துக்கு ஈடானதோ கட்டி, பதிலுக்குப் பணம் ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடினால் அது ‘ஆன்லைன் பண விளையாட்டு’, அதைச் சட்டம் தடுக்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அங்கே எழாது. ரம்மி திறமை ஆட்டம் என்று பல்லாண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்த வாதத்தைச் சட்டம் இப்படித்தான் ஓரங்கட்டியது. சட்டம் வந்த சில நாட்களிலேயே டிரீம்11, எம்பிஎல், ஜூப்பி போன்றவை இந்தியாவில் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

தண்டனை யாருக்கு என்பதில்தான் குழப்பம் அதிகம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம், அல்லது இரண்டும். பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்களுக்கும் இதே அளவு. விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, ரூ.50 லட்சம் வரை. கமிஷனுக்காக ரெஃபரல் லிங்க்கை இன்ஸ்டாகிராமில் போடுபவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும். வெறுமனே ஆடியவருக்கு மத்தியச் சட்டத்தில் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ‘ஆடுறவனுக்கு ஒண்ணும் ஆகாது’ என்று டெலிகிராம் குழுவில் சொன்னால் பாதிதான் உண்மை.

இ-ஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியாக நடத்தப்படும் வீடியோ கேம் ஆட்டங்கள், இந்தத் தடையில் வராது. போட்டியில் கலந்துகொள்ளும் கட்டணமும், திறமைக்கேற்ற பரிசுத் தொகையும் அங்கே இருக்கலாம். அந்தப் போட்டியின் முடிவின் மேல் பந்தயம் கட்டினால் மட்டும் கதை மாறிவிடும். மாதச் சந்தா கட்டி ஆடும் ஆட்டங்களும், சந்தா பந்தயப் பணமாக இல்லாதவரை, தடைக்கு வெளியே.

கடை வழி அடைபட்டதும் ஏபிகே வழி வருகிறது. அதை நிறுவும்போது ‘தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி’ என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அனுமதி கொடுத்தால் அது அந்த ஒரு தடவையோடு போவதில்லை. குரோமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ கொடுத்தது, நீங்கள் அணைக்கும் வரை இருக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று போய் ஒவ்வொன்றையும் பார்த்து அணையுங்கள் (போன் நிறுவனத்தைப் பொறுத்துப் பெயர் சற்று மாறும்). எஸ்எம்எஸ் படித்தல், எஸ்எம்எஸ் பெறுதல், நோட்டிஃபிகேஷன் படித்தல், ஆக்சஸிபிலிட்டி (திரையைப் படித்து இயக்கும் அனுமதி) ஆகிய நான்கில் எதையாவது வெளியிலிருந்து வந்த சீட்டாட்ட ஆப் கேட்டால் உடனே நிறுத்துங்கள். சீட்டு ஆட ஓடிபி எதற்கு? ஆப்பை அழிக்க முடியவில்லை என்றால், முதலில் ஆக்சஸிபிலிட்டியிலும் டிவைஸ் அட்மின் (போனை நிர்வகிக்கும் உரிமை பெற்ற ஆப்கள்) பட்டியலிலும் அதை அணைத்துவிட்டுப் பிறகு அழியுங்கள். ஐபோனில் இதே வேலையை புரொஃபைல் (போனின் அமைப்புகளை மாற்றும் கோப்பு) வழியாகச் செய்வார்கள். செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள்.

பிள்ளைகளின் போனில் ப்ளே ஸ்டோரின் பேரன்டல் கன்ட்ரோல் மட்டும் போதாது. கடைக்குள் கிடைப்பதை அது வயதுக்கேற்ப வடிகட்டும், ஏபிகே-யைத் தடுக்காது. கூகுளின் பெற்றோர் கண்காணிப்பு ஆப்பான ஃபேமிலி லிங்க்கில் சேர்த்து, வெளி ஆப் நிறுவும் அனுமதியையும் அங்கிருந்தே பூட்டுங்கள்.

ப்ளே ஸ்டோருக்குள்ளேயே கால்குலேட்டர், கிரிக்கெட் ஸ்கோர் என்ற பெயரில் நுழைந்து, திறந்தபின் பந்தயத் தளத்தைக் காட்டும் ஆப்களும் வரும். அந்த ஆப்பின் பக்கத்தில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் புகார் செய்யும் வழி இருக்கிறது. ஒரே ஆள் பத்து முறை புகார் செய்வதைவிட, பந்தயத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று தெளிவாக எழுதுவது பயன் தரும்.

பணம் போன பிறகு என்ன செய்வது? சட்டவிரோதத் தளங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய யுபிஐ முகவரியைக் காட்டும். அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு. ஜெயித்த பணம் அந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்தால், வேறொரு மோசடிப் புகாரில் அந்தக் கணக்கைத் தொடரும் காவல்துறை உங்கள் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். ‘ஜெயித்தது ரூ.2 லட்சம், எடுக்க முதலில் 30 சதவீத வரியைக் கட்டு’ என்றால் அது ஏமாற்று. வரி, கொடுக்கும் தொகையிலிருந்து பிடிக்கப்படுவது. யாருடைய யுபிஐ-க்கும் முன்கூட்டி அனுப்புவதல்ல. அப்படி அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கையில் 12 இலக்க யுடிஆர் எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள தனி எண்), தொகை, நேரம், பெற்றவரின் யுபிஐ முகவரி இருக்கட்டும். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். பிறகு யுபிஐ ஆப்பில் ஆட்டோபே (தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு) பகுதியைத் திறந்து, அந்தப் பெயரில் ஒப்புதல் ஏதாவது உயிரோடிருந்தால் ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தாலும் ஆட்டோபே நிற்காது. அழிப்பதற்கு முன் பணம் கட்டிய விவரம், சாட், யுபிஐ திரை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவர் வீட்டில் இருந்தால், அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.