கையெழுத்துக்கு அருகிலுள்ள சிறு பத்தி

மணவிலக்கு, உயில், சொத்துத் தகராறு என எதற்காக வழக்கறிஞரை நாடினாலும், சிங்கப்பூரில் நம்மவர்கள் விரைவில் எதிர்கொள்ளும் சொல் 'அஃபிடவிட்'. தாம் சொல்வது உண்மை என்று உறுதி கூறி ஒருவர் எழுத்தில் அளிக்கும் சாட்சியம் அது. பெரும்பாலோருக்கோ கையெழுத்திட வேண்டிய ஒரு காகிதம், அவ்வளவுதான். ஆனால் இடைக்கால லத்தீனில் அது 'அவர் ஆணையிட்டு (சத்தியம் செய்து) கூறினார்' என்று பொருள்படும் வினைமுற்று; நம்பிக்கையைக் குறிக்கும் 'ஃபிடெஸ்' அதன் வேர். இந்துக்களும் முஸ்லிம்களும் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று இங்குள்ள சட்டம் அனுமதிப்பதால், ஆணையே இடாதவரின் ஆவணமும் அதே பெயரைத் தாங்கி நிற்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும்.

2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த நீதிமன்ற விதிகள், சாட்சியை நீதிமன்றத்துக்கு அழைக்கும் உத்தரவின் பெயரான, 'தண்டனையின் கீழ்' எனப் பொருள்படும் 'சப்பீனா' உட்படப் பல பழஞ்சொற்களை அகற்றி எளிய ஆங்கிலத்தைக் கொண்டுவந்தன. அஃபிடவிட் தப்பிவிட்டது.

அதைவிட அரிய சொல் 'ஜூரட்'. இதுவும் ஆணையிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்ததே. எங்கே, எந்த நாளில், எந்தச் சத்தியப் பிரமாண ஆணையரின் (உறுதி கூறுவதை ஏற்கும் அதிகாரம் பெற்றவரின்) முன்னிலையில் உறுதி கூறப்பட்டது என்பதை அஃபிடவிட்டில் கையெழுத்துக்கு அருகே பதிவு செய்யும் சிறு பத்தி அது. ஆங்கிலம் அறியாதவர் உறுதி கூறும்போது, உள்ளடக்கம் அவருக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது என்பதும் அதில் இடம்பெறும். "வீட்டிலேயே அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டோம்" என்று பிள்ளைகள் அவசரப்படுத்துவதை அடிக்கடி காண்கிறேன். அந்த விளக்கம் எவ்வளவு நல்லதாயினும், ஜூரட் சான்றளிப்பது அதை அன்று, ஆணையரின் முன்னிலையில் தரப்பட்ட விளக்கத்தையே. மேலும், பின்னாளில் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல நேர்ந்தால், முதலில் எதிர்த்து நிற்பது அந்தப் பத்தியே.

ஆகவே ஒவ்வொரு பத்தியையும் தமிழில் கேளுங்கள். தேதி, தொகை, உறவுமுறை ஆகியவற்றில் பிழையிருந்தால் கையெழுத்திடுமுன் திருத்தச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை; யாரும் அதைத் தொந்தரவாக நினைக்கக்கூடாது. நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்தே பொய்ச்சாட்சி அளிப்பவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 193ஆம் பிரிவு 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அஃபிடவிட்டில் எழுதப்படுவதும் சாட்சியமே.

சில ஆணையர்கள் தாங்களே தமிழ் பேசுவார்கள். மற்றவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழில் விளக்கம் வேண்டுமென்று சொல்லி, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.