உப்புப் பட்ட வெங்காயம் ஏன் துவள்கிறது?

தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கி, உப்புப் போட்டுப் பிசறி, பத்து நிமிடம் வையுங்கள். மொறுமொறுவென்று இருந்த துண்டுகள் துவண்டுவிடும். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அது நாம் ஊற்றிய தண்ணீர் இல்லை. வெங்காயத்தின் செல்களுக்குள் இருந்ததைத்தான் உப்பு வெளியே இழுத்திருக்கிறது.

இதையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பாடப்புத்தகத்துத் தாவர செல் படம் சட்டென்று புரிந்துவிடும். பெல்லாரி வெங்காயத்தின் சதையான ஓர் அடுக்கில், வெளிப்பக்கம் ஊதாத் தோல் ஒட்டியிருக்கும். நகக்கண் அளவுக்கு அதை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடித் தகட்டில் வையுங்கள். செங்கல் அடுக்கியதுபோலச் செல்கள் வரிசையாகத் தெரியும். ஊதா நிறம் இருப்பது செல்லுக்குள் உள்ள பெரிய தண்ணீர்ப் பையில். அதற்கு நுண்குமிழி என்று பெயர். பெயரில்தான் 'நுண்', முதிர்ந்த தாவர செல்லில் 90 சதவீத இடத்தைக்கூட அதுவே பிடித்துக்கொள்ளும். உட்கரு, பாவம், ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும்.

இப்போது ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். ஊதா நிறம் சுருங்கிச் சுருங்கி நடுவில் திரளும். சுற்றியுள்ள கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும். நிற்பது செல் சுவர். பருத்தி நூலில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான். சுருங்கியது, சுவருக்கு உட்பக்கம் இருக்கும் மெல்லிய உறையான செல் சவ்வும் அதற்குள் இருப்பவையும். படத்தில் ஒட்டி ஒட்டி வரைந்த இரண்டு கோடுகளும் வெவ்வேறு என்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பையும் நிறத்தையும் அப்படி விடாது. உடனே நல்ல தண்ணீர் விட்டால் செல் மறுபடி உப்பிக்கொள்ளும்.

சரி, நம் செல்? கன்னத்தின் உட்புறத்தைப் பல்குத்தும் குச்சியால் லேசாக வழித்து, மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கோணல்மாணலாக, ஓரம் மடிந்த செல்கள். நடுவில் நீலப் புள்ளியாக உட்கரு. சுவரும் இல்லை, பெரிய தண்ணீர்ப் பையும் இல்லை. இதனால் ஒரு ஆபத்து உண்டு. ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு கலந்திருப்பது இதற்காகத்தான். தாவர செல் எவ்வளவு குடித்தாலும் சுவர் தாங்கிப் பிடிக்கும். அதனால் விறைத்து நிற்கும். சந்தையில் கீரைக்கார அம்மா அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறாரே, அந்த வித்தைதான்.

மற்றபடி இரண்டிலும் சைட்டோபிளாசம் (செல்லுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்), ரைபோசோம் (புரதம் செய்வது), மைட்டோகாண்ட்ரியா (ஆற்றல் தருவது) எல்லாம் உண்டு. 'தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா' என்று பலர் எழுதிவைப்பது தப்பு. பசுங்கணிகம் என்பது வெயிலைக்கொண்டு உணவு தயாரிக்கும் பச்சை நிற உறுப்பு. இலையின் செல்லில் இரண்டுமே இருக்கும். வெங்காயத் தாளில் பசுங்கணிகம் இருக்கிறது. மண்ணுக்குள் வெயில் படாமல் வளரும் வெங்காயத்தில் அதைத் தேட வேண்டாம்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் சின்னச் சின்ன அறைகளைப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவர்களை!

அப்புறம், நறுக்கிய பீட்ரூட்டை நன்றாகக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். சாயம் கொஞ்சம்தான் இறங்கும். அதையே கொதிக்கவிட்டால் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். சூட்டில் சவ்வு சிதைந்துபோகிறது. சுவர் இருந்தாலும், சாயத்தைச் சுவரால் பிடித்துவைக்க முடியாது.