டிராபிக்கில் நிறுத்தும் போலீஸ் விசாவைக் கேட்கலாமா? 287(ஜி) ஒப்பந்தம் பற்றி

அமெரிக்காவில் விசா, நாடு கடத்தல் எல்லாம் மத்திய அரசின் வேலை. ஒருவர் அனுமதியில்லாமல் தங்கியிருக்கிறார் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்து ஊர் போலீஸோ, கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிஃபோ அவரைக் கைது செய்ய முடியாது. இது பொது விதி. 1996-இல் குடியேற்றச் சட்டத்தில் சேர்த்த 287(ஜி) என்ற பிரிவு இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. உள்ளூர் காவல் அமைப்பு மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், பயிற்சி முடித்த அதன் ஆட்கள் குடியேற்ற அதிகாரியின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யலாம். மேற்பார்வை மத்திய அரசின் குடியேற்ற அமலாக்க அமைப்பான ஐ.சி.இ.யிடம் இருக்கும். நம்மவர்கள் பேச்சில் ‘ஐஸ்’ என்பது இதைத்தான்.

முதல் ஒப்பந்தம் 2002-இல் ஃபுளோரிடாவில் கையெழுத்தானது. 2025 தொடக்கத்தில் சுமார் 135 ஒப்பந்தங்கள்தான் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

ஒப்பந்தத்தில் மூன்று வகை உண்டு. முதல் வகை சிறைக்குள் நடப்பது: வேறு குற்றத்துக்காகக் கைதாகி வந்தவரின் குடியேற்ற நிலையை அங்கே விசாரிப்பார்கள். இரண்டாவது அதைவிடச் சிறியது. சிறையில் இருப்பவர் மேல் ஐ.சி.இ. கொடுத்த வாரண்டை நிறைவேற்றுவதோடு சரி. மூன்றாவதுதான் சிக்கலானது. பணிக்குழு வகை என்று இதைச் சொல்லலாம். ரோந்தில் இருக்கும் சாதாரண போலீஸ்காரரே நடுத்தெருவில் குடியேற்ற நிலையைக் கேட்கலாம், பிடித்தும் வைக்கலாம். ஒபாமா அரசு 2012-இல் கைவிட்ட இந்த வகையை 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு திரும்பக் கொண்டுவந்தது. புதிய ஒப்பந்தங்களில் பெரும்பங்கு இந்த வகைதான். முன்பு சில வாரங்கள் நேரில் நடந்த பயிற்சி, இதற்கு இப்போது 40 மணி நேர இணையப் பாடமாகச் சுருங்கியிருக்கிறது.

ஆளின் நிறத்தையும் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது என்று எல்லா ஒப்பந்தத்திலும் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் தவறு நடப்பது பெரும்பாலும் விசாவைக் கேட்கும் இடத்தில் அல்ல, அதற்கு முன்னால், எந்த வண்டியை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் இடத்தில். சாலையில் போகும் எந்தக் காரிலும் ஏதோ ஒரு சின்ன விதிமீறலைக் கண்டுபிடித்துவிடலாம்: பின்விளக்கு எரியவில்லை, இண்டிகேட்டர் போடவில்லை, ஐந்து மைல் வேகம் கூடிவிட்டது. விதிமீறல் உண்மையாக இருந்தால் போதும், போலீஸ்காரரின் உள்நோக்கம் என்ன என்று, நியாயமற்ற தேடுதலுக்கு எதிரான அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தின் கீழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. பாகுபாடு என்று தனியாக வழக்குப் போடலாம். ஆனால் அதை நிரூபிக்கப் பெரும்பாலும் ஒரு நிறுத்தம் போதாது. நூற்றுக்கணக்கான நிறுத்தங்களின் பதிவுகளை அடுக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.

அரிசோனாவின் மாரிகோபா கவுன்ட்டியில் அப்படித்தான் நடந்தது. ஷெரிஃப் ஜோ ஆர்பாயோ 2007-இல் ஒப்பந்தம் போட்டு, தினக்கூலிகள் கூடும் இடங்களைக் குறிவைத்து வண்டிகளை நிறுத்தச் செய்தார். வழக்கு மனுவில் உள்ள ஒரு சம்பவம்: வேகமாகப் போனதாகச் சொல்லி ஒரு காரை நிறுத்துகிறார்கள். ஓட்டிய வெள்ளையரை டிக்கெட்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரர் செல்லுபடியாகும் விசாவைக் காட்டியும் விலங்கு மாட்டிப் பல மணி நேரம் வைத்திருந்து, கடைசியில் ஐ.சி.இ. அதிகாரி பார்த்துவிட்டு விடுவிக்கிறார். வேகமாக ஓட்டியவர் வீட்டுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர் காவலுக்கு!

லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் உரிமை மீறப்பட்டது என்று நீதிபதி முர்ரே ஸ்னோ தீர்ப்பெழுத 2013 மே மாதம் ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 2009-இல், தெரு அதிகாரத்தை மத்திய அரசு பறித்திருந்தது. அப்புறமும் ஷெரிஃப் நிறுத்தவில்லை. 2017-இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே டிரம்ப் மன்னிப்பு கொடுத்தார்.

ஒப்பந்தமே இல்லாமல் மாநிலங்கள் தாமாகச் சட்டம் போட்டதும் உண்டு. அரிசோனாவின் 2010 சட்டத்தில் வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்து செய்தது. வேறு காரணத்துக்காக நிறுத்திய ஆளின் நிலையை, நியாயமான சந்தேகம் இருந்தால் சரிபார்க்கும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது. அலபாமா 2011-இல் இன்னும் கடுமையான சட்டம் போட்டது. அதில் மாட்டியவர்களில் ஒருவர் மெர்சிடஸ் பென்ஸ் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜெர்மன் அதிகாரி. வாடகைக் காரின் நம்பர் பிளேட் சரியில்லை என்று நிறுத்தினார்கள், கையில் ஜெர்மன் அடையாள அட்டை மட்டும் இருந்தது, கைது. நாடெங்கும் செய்தியாகி மாநிலத்துக்கே சங்கடமாகப் போனது.

தோற்றம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? தோற்றம் மட்டுமே காரணமாக ஒரு காரை நிறுத்தக் கூடாது, ஆனால் பல காரணங்களில் ஒன்றாக அது இருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1975 தீர்ப்பு. எல்லை ரோந்து பற்றிய வழக்கு அது. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கிலும், இனம், மொழி, வேலை, இடம் ஆகியவற்றை மட்டும் வைத்து மத்திய அதிகாரிகள் ஆட்களை நிறுத்தக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ‘பல காரணங்களில் ஒன்று’ என்பது பெரிய ஓட்டை. மாநிறக்காரர்களான நாமும் அந்த ஓட்டைக்கு வெளியே இல்லை.

சரி, நிறுத்தினால்? ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு காட்டித்தான் ஆக வேண்டும். எங்கே பிறந்தீர்கள் என்ற கேள்விக்கு மௌனமாக இருக்கும் உரிமை, பின்சீட்டில் இருப்பவர் உட்பட எல்லாருக்கும் உண்டு. பொய் மட்டும் சொல்லாதீர்கள். டிக்கெட் எழுதும் வேலை முடிந்த பிறகு, வேறு சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் நிறுத்தத்தை நீட்டிக்கக் கூடாது என்று 2015-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆனால் ஹெச்1பி வேலை விசா, ஹெச்4 குடும்ப விசா, கிரீன் கார்டு என்று எதில் இருந்தாலும் 18 வயது நிரம்பியவர் பதிவு ஆதாரத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதமோ 30 நாள் வரை சிறையோ விதிக்கலாம். விசாவில் இருப்பவர்களுக்கு அந்த ஆதாரம் ஐ-94 என்ற வருகைப் பதிவு; நம்மில் பலர் அந்தத் தாளை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். கிரீன் கார்டு இல்லாதவர்கள் அதை அச்சிட்டுப் பர்ஸில் வையுங்கள்.

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தும் நிலைமை மாறும். கலிஃபோர்னியாவும் இல்லினாயும் இந்த ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன. டெக்சஸில் நேர் எதிர்: சிறை நடத்தும் கவுன்ட்டிகளின் ஷெரிஃப்கள் 2026 டிசம்பர் 1-க்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும், மூன்றில் எந்த வகை என்பது அவர்கள் விருப்பம். அதனால் டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் ஒப்பந்தம் உண்டா என்பதோடு எந்த வகை என்பதையும் பாருங்கள். ஐ.சி.இ. இணையதளத்தில் 287(ஜி) பக்கத்தில் மாநிலம், கவுன்ட்டி, வகை, கையெழுத்தான தேதி என எல்லாம் பட்டியலாக இருக்கிறது. ஊர் போலீஸும் கவுன்ட்டி ஷெரிஃபும் அதில் தனித்தனி வரியில் வருவார்கள், இரண்டையும் தேடிப் பாருங்கள்.