பசுவை மனிதனாக்கும் இயந்திரம்: உயிரியல் என்ன சொல்கிறது?

மார்வெல் காமிக்ஸில் போவா என்றொரு பாத்திரம் உண்டு. அவள் ஒரு பசு. இரண்டு காலில் நடப்பாள், பேசுவாள், பிரசவமும் பார்ப்பாள். குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச் என்ற இரட்டையர் பிறந்தபோது மருத்துவச்சியாக இருந்தவள் இவள்தான் என்று 1974ல் வந்த ஒரு கதை சொன்னது. இவளை உருவாக்கியவன் ஹை எவல்யூஷனரி. இயற்பெயர் ஹெர்பர்ட் விண்டம். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1966ல் தோர் காமிக்ஸில் கொண்டுவந்த விஞ்ஞானி. பால்கன் பகுதியில் டிரான்சியா என்ற கற்பனை நாடு, அங்கே வுண்டகோர் மலை. அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு விலங்குகளை ஓர் இயந்திரத்துக்குள் அடைத்து மனிதர்களைப் போல மாற்றுகிறான். அப்படி மாறியவர்களுக்கு நியூ மென் என்று பெயர். அவர்களுக்குக் கவசம் மாட்டி நைட் என்ற வீரப் பட்டமும் கொடுக்கிறான். ஓநாயிலிருந்து வந்த மேன்-பீஸ்ட் மட்டும் அவனுக்கே எதிரியாகிவிடுகிறான். 2023ல் வந்த கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி படத்தின் மூன்றாம் பாகத்தில் ராக்கெட் என்ற ரக்கூனைப் படாதபாடு படுத்தியவனும் இந்த ஹை எவல்யூஷனரிதான்.

இயந்திரத்தின் யோசனை எளிது. பரிணாமம் ஒரு படிக்கட்டு, பசு கீழ்ப்படியில் நிற்கிறது, மனிதன் மேல்படியில் நிற்கிறான், வேகத்தைக் கூட்டினால் பசு ஏறி வந்துவிடும். கதைக்கு அருமையான யோசனைதான். ஆனால் உயிரியலில் அப்படி ஒரு படிக்கட்டே கிடையாது.

பசுவுக்கும் நமக்கும் பொதுவான கடைசி மூதாதை வாழ்ந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்புறம் வழி பிரிந்துவிட்டது. பசு, ஓநாய், வௌவால், திமிங்கிலம் எல்லாம் ஒரு கிளை. நாம், எலி, முயல் இன்னொரு கிளை. சொந்தம் பார்த்தால் பசுவைவிட எலிதான் நமக்கு நெருக்கம். பசு நின்ற இடத்திலேயே நின்றுவிடவும் இல்லை. அந்த 9 கோடி ஆண்டும் அதுவும் பரிணமித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது, புல் தின்று அசைபோடும் வாழ்க்கைக்கு ஏற்றபடி. குளம்புள்ள அதன் பழைய உறவுகளில் ஒரு கூட்டம் கடலில் இறங்கித் திமிங்கிலமாகவே ஆகிவிட்டது. ஆகவே இயந்திரத்தை முடுக்கினால் போவா வருவாள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு சிக்கல், பரிணாமம் ஒரு தனி விலங்குக்குள் நடப்பதில்லை. அது தலைமுறைகளுக்கு இடையே நடப்பது. அதை முடுக்க மனிதனுக்குத் தெரிந்த பழைய வழி, யார் இனப்பெருக்கம் செய்யலாம் என்று தேர்ந்தெடுப்பது. சோவியத் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் 1959ல் சைபீரியாவில் வெள்ளி நரிகளை வைத்து இதைத் தொடங்கினார். மனிதனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டி, கையை நக்கும் குட்டிகள் பிறந்தன. ஆனால் அவை ஏற்கெனவே பண்ணையில் பல தலைமுறை வளர்ந்த நரிகள், காட்டு நரிகள் அல்ல என்ற விமர்சனமும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. எப்படியோ, கிடைத்தது சாதுவான நரிதான். நரி மனிதனாகவில்லை.

சரி, தேர்வு வேண்டாம், நேராக மரபணுவில் கை வைப்போம் என்றால்? போவாவின் கையைப் பாருங்கள். குழந்தையை ஏந்த விரல்கள் வேண்டும். பசுவின் குளம்பு என்பது உண்மையில் மூன்றாவது, நான்காவது விரல்கள். குளம்புக்குப் பின்னால் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு கொம்புத் துண்டுகள், இரண்டாவது, ஐந்தாவது விரல்களின் மிச்சம். கட்டைவிரல் சுத்தமாகப் போய்விட்டது. 2014ல் வந்த ஓர் ஆய்வு இதன் காரணத்தைத் தேடிப் பார்த்தது. கால் முளைவிடும்போது விரல்களின் அமைப்பைத் தீர்மானிக்கும் சமிக்ஞை ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லும் பிடிசிஎச்1 என்ற மரபணு, பசுக் கருவின் கால் மொட்டில் வழக்கம்போல முடுக்கப்படுவதில்லை. மரபணு கெட்டுப்போகவில்லை; அதை இயக்கும் கட்டுப்பாடுதான் மாறியிருக்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தக் கூத்தெல்லாம் கருவின் ஆரம்ப நாட்களில் நடந்து முடிந்துவிடுகிறது. வளர்ந்த பசுவை எந்த இயந்திரத்துக்குள் தள்ளினாலும் குளம்பு பிரிந்து விரலாகாது. எலும்பு ஏற்கெனவே இறுகிவிட்டது.

மூளைக்கு வருவோம். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. இவ்வளவு பெரிய மேல்மூளை எப்படி வந்தது என்பதற்கு ஒரு துப்பு 2015ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கிடைத்தது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வீலாண்ட் ஹுட்னர் குழு கண்டெடுத்த அந்த மரபணுவின் பெயர் ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி. 11பி. மனிதனிடம் உண்டு, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலிடமும் இருந்தது, சிம்பன்சியிடம் இல்லை. ஒரு பழைய மரபணு அரைகுறையாகப் படியெடுக்கப்பட்டு, அதில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியதால் பிறந்த மரபணு இது. மூளையின் மூல உயிரணுக்களை மேலும் மேலும் பிரிந்து பெருகவைப்பது இதன் வேலை.

இதை மார்மோசெட் என்ற சிறு குரங்கின் கருவில் செருகினார்கள், ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து. முடிவு 2020ல் வெளியானது. வழவழப்பாக இருக்க வேண்டிய மார்மோசெட் மூளை பெரிதாகி, அதன் மேற்பரப்பில் மடிப்புகளும் தெரிந்தன. அந்தக் கருக்களைப் பிறக்க விடவில்லை. 100 நாள் வாக்கில் எடுத்து ஆராய்ந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறந்தால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அந்தப் பொறுப்பை ஏற்கவும் முடியாது என்பது அவர்கள் நிலை. ஹை எவல்யூஷனரிக்கு இல்லாத தயக்கம் இது.

சீனாவில் இன்னொரு குழு பிறக்கவே விட்டது. மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய எம்சிபிஎச்1 என்ற மரபணுவின் மனித வடிவத்தை ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். 2019ல் முடிவை வெளியிட்டார்கள். உருவாக்கிய 11 குரங்குகளில் 5தான் பிழைத்தன. அவற்றின் மூளை பெரிதாகவில்லை. ஆனால் முதிர்ச்சி அடைய வழக்கத்தைவிட அதிக காலம் எடுத்தது, குறுகிய கால நினைவாற்றல் சோதனையில் நன்றாகச் செய்தன. மனிதக் குழந்தையின் மூளையும் மற்ற குரங்கினங்களைவிட நிதானமாகத்தான் முதிர்கிறது. வுண்டகோர் இயந்திரம் வேகத்தைக் கூட்டியது. இந்தக் குரங்குகளில் தெரிந்த மாற்றமோ வேகம் குறைந்தது.