கருத்த தண்ணீர் வருகிறது, கயிற்றை விடு

லேசர் என்ற பாய்ப்படகை ஒரே ஆள் ஓட்டுவார். நீளம் 4.2 மீட்டர், வெறும் படகின் எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பாய் 7 சதுர மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியதும் இந்தப் படகுதான். பாய் மட்டும் சிறியது. அடியில் ஈயம், இரும்பு என்று எந்தப் பளுவும் இல்லை. படகு சாயாமல் நிற்பது ஓட்டுபவரின் உடம்பை நம்பித்தான்.

ஒரே சீராக அடிக்கும் காற்றை எப்படியாவது சமாளித்துவிடலாம். விட்டுவிட்டுக் குப்பென்று வரும் வீச்சுதான் ஆளைக் கவிழ்க்கும். தண்ணீரை உரசிப் போகும் காற்றுக்கு வேகம் குறைவு, உயரத்தில் அதிகம். சூடான கீழ்க்காற்று மேலேறும்போது அந்த வேகமான காற்று கீழே இறங்கிவிடுகிறது. நல்லவேளையாக அது வருவது கண்ணுக்குத் தெரியும். சிற்றலைகள் எழும்பி, அந்த இடம் மட்டும் கருத்துக் கிடக்கும்.

பக்கவாட்டுக் காற்றில் மணிக்கு 9 கிலோமீட்டரில் போகிறீர்கள், காற்று 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகும் ஓடுவதால் காற்று முன்பக்கம் தள்ளி, முகப்பிலிருந்து 68 பாகையில் வருவதுபோல் படும். திடீரென்று காற்றின் வேகம் 33 ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், பாய் உணரும் தள்ளல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இதைப் பலரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பார்க்காதது இன்னொன்று: படகு இன்னும் வேகமெடுக்கவில்லை, ஆகவே காற்று பின்பக்கம் நகர்ந்து 75 பாகையில் அடிக்கிறது. பாயைத் தொடாமலே அது 7 பாகை அதிகமாக இழுத்துக் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது!

பயந்த கை, பாயை இழுத்துக் கட்டும் கயிற்றை இறுகப் பிடிக்கும். செய்ய வேண்டியது நேர்மாறு. கருப்பு வந்து தொடும்போதே கயிற்றைக் கொஞ்சம் விட்டு, பாதங்களைப் படகின் உள்ளே இருக்கும் வாரில் மாட்டி, உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். பாக் நீரிணையின் வத்தை என்ற பாய்ப்படகுகளில் குறுக்குப் பலகையில் ஏறி நிற்பதும் இதே கணக்குதான். சரி, கயிற்றை விட்டால் வேகம் போகாதா? போகாது. கோணம் பழையபடி சரியாகிறது, அவ்வளவுதான். படகு பாய்ந்ததும் காற்று மறுபடி முன்னே வரும். அப்போது விட்டதை இழுத்துக்கொள்ளலாம்.

சாயவிட்டால்தான் வேகம் போகும். சாய்ந்த படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். அதைத் தடுக்கத் திருப்பும் சுக்கான் பிரேக் போல வேலை செய்யும்.

காற்றோடு போகும்போது கதையே வேறு. படகு தன் அலைமேல் ஏறி வழுக்கத் தொடங்கினால், படகு ஓடுகிற வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துவிடும். பாய்க்கு மீதிதான் படும். அங்கே வேகம்தான் பாதுகாப்பு. மூக்கு முன்னலையில் குத்திப் படகு நின்றால், கழிந்திருந்த காற்றெல்லாம் ஒரே நொடியில் பாய்மேல் விழும். அதனால்தான் அந்த நேரத்தில் ஓட்டுபவர்கள் படகின் பின்னோரத்துக்கே நகர்ந்து உட்காருகிறார்கள்.